திசை மாறிய அன்னம்

காஞ்சிப் பட்டின் கரையில் அன்னமும் மயிலும் யாளியும் அணிவகுக்கும். அவை நோக்கும் திசையும் வடிவமைப்பின் ஒரு கூறாகும். 1804-இல் பிரான்சு நாட்டினரான ஜக்கார்டு உருவாக்கிய கருவியில், துளையிட்ட அட்டைகளே பாவு இழைகளுக்கு ஆணையிட்டன. துளை இருந்தால் கொக்கி உயரும், இல்லையேல் உயராது. மின்னணு ஜக்கார்டு பொருத்திய தறியிலோ, அவ்வாணை கணினிக் கோப்பில் உறைகிறது.

இம்மாற்றத்தின்போது சில வேளைகளில் அன்னம் எதிர்ப்புறம் திரும்பிவிடுவதுண்டு. பட்டறிவுடைய நெசவாளர் உடனே திருத்த முனைவதில்லை. தாம் காண்பது துணியின் முகப்பா, பின்புறமா என முதலில் நோக்குவார். பின்புறத்தில் எவ்வுருவும் இடவலம் மாறியே தோன்றும். முகப்பிலும் பிழை இருப்பின், அது எங்கிருந்து வந்தது எனத் தேடுவார். ஓர் உரு மட்டும் திரும்பியிருந்தால் கோப்பைத் திருத்த வேண்டும். எல்லா உருக்களும் திரும்பியிருந்தால் கொக்கிகளின் எண்வரிசையைச் சரிபார்க்க வேண்டும். அவசரத்தில் இரண்டையும் ஒருங்கே மாற்றினால், அன்னம் மீண்டும் பழைய திசையையே நோக்கும். உரு தலைகீழாக நின்றாலோ, கோப்பின் வரிகள் கடைசியிலிருந்து இயங்குகின்றன என்பது பொருள்.

நெய்த பட்டைப் பிரித்தால் இழை நையும்; பல நாள் உழைப்பும் கூலியும் வீணாகும். ஆதலால், ஓர் உருவை மட்டும் நெய்து, முகப்பைத் திருப்பிப் பார்த்த பின்னரே நெசவைத் தொடர்வது முறை. கணினி ஆணையிடலாம், அன்னம் எத்திசை நோக்க வேண்டும் என்பதை அறிந்தது நெசவாளரின் கண்ணே.