தண்ணீரைத் தடுத்த பிழை

2012ஆம் ஆண்டு மார்கழிக் குளிரில், எம் மகள் வயிற்றுப் பேரனுக்கு வாந்தி கண்டது. அப்போது அவனுக்குப் பத்து மாதம். அந்திக்குள் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், நிறுத்தி வையுங்கள்" என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். அவர்களுள் நாமும் ஒருவராயிருந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

ஸுபுஹுக்குப் பாங்கு ஒலித்த வேளையில் குழந்தையின் கண்கள் குழிவிழுந்திருந்தன. அழுதான், கண்ணீர் வரவில்லை. தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு ஓடினோம். மூன்று நாட்கள் நரம்பு வழியே நீர் ஏற்றினார்கள். ரோட்டா என்னும் வைரஸே காரணமென்றும், அதனைக் கொல்லும் மருந்தில்லை, இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே சிகிச்சையென்றும் மருத்துவர் விளக்கினார்.

பேரன் பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மகளின் இரு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. மருமகன் மூன்று நாள் கூலியை இழந்தார். வளையல்களை மீட்கப் பதினான்கு மாதங்கள் ஆயின.

எம்மை வருத்தியது அச்செலவன்று. "முதல் நாளே உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தீர்களா?" என்று மருத்துவர் கேட்டபோது தலைகுனிந்தோம். கிராமச் செவிலியர் இலவசமாய்த் தந்த பொட்டலம் எம் அலமாரியிலேயே கிடந்தது!

அக்கரைசலின் அருமையை உலகம் கண்டது 1971இல். வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலானபிஸ் கரைசலை வாய்வழியே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதாயிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று.

எம் வீட்டுத் துயரம் தனித்ததன்று. 2011 முதல் 2013 வரையிலான மதிப்பீட்டின்படி, ரோட்டாவால் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகள் மாண்டனர். சிகிச்சைச் செலவோ ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய். 2016இல் நான்கு மாநிலங்களிலும், 2017இல் தமிழ்நாட்டிலும் அரசு இதற்கான சொட்டு மருந்தை இலவசமாய் வழங்கத் தொடங்கியது. 6, 10, 14ஆம் வாரங்களில் புகட்டப்படும் அது நோயை அறவே ஒழிப்பதில்லை. எனினும் கடும் நோயைப் பாதியளவேனும் குறைக்கிறது.

எனவே தாய்மார்களே, போக்குக் கண்டவுடன் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கரைசலைக் கரண்டி கரண்டியாய்ப் புகட்டுங்கள். குழந்தை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

எம் இரண்டாம் பேரனுக்கு மூன்று தவணைச் சொட்டும் ஈந்தாயிற்று. பொட்டலம் இப்போது அலமாரியில் இல்லை. அடுப்படியில், கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது.