ஊட்டியைத் தாண்டி வாங்க பாஸ்!

'ஊட்டிக்குப் போறேன்'னு ஹாஸ்டல்ல சொன்னதுமே, 'வர்க்கி வாங்கிட்டு வா மச்சி!'னு எட்டு பேர் ஆர்டர் போட்டாங்க. ஆனா, நான் போனது ஊட்டிக்கு இல்லீங்க. அங்கேருந்து இன்னும் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்குற கூடலூருக்கு. பைக்காரா, நடுவட்டம்னு யூகலிப்டஸுக்கும் தேயிலைக்கும் நடுவுல பஸ் வளைஞ்சு வளைஞ்சு இறங்குது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணும் பக்கத்துல பக்கத்துல நிக்கிற ஊர்!

உங்களுக்கு ஒரு கேள்வி. நீலகிரி பழங்குடிகள்னா யார் ஞாபகத்துக்கு வர்றாங்க? தோடர்கள்தானே? கூடலூர் பக்கம் வந்தா பணியர், காட்டுநாயக்கர், பெட்டகுறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர்னு பட்டியல் நீளுது. தலைமுறை தலைமுறையா அடுத்தவங்க வயல்ல கொத்தடிமையா உழைச்சவங்க பணியர்கள். 1988-ல் நில உரிமை கேட்டு ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் இதே ஊர் வீதிகள்ல ஊர்வலம் போனாங்க. அப்படிச் சேர்ந்த கைகள்தான் அடுத்து ஆஸ்பத்திரியும் கட்டுச்சு. டாக்டர்கள் ஷைலா தேவி, நந்தகுமார் மேனன் தம்பதி துணைக்கு வர, 1990-ல் 'அஸ்வினி' அமைப்பு உருவாச்சு. அது நடத்துறதுதான் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை.

இங்கே பெரிய விசேஷமே நர்ஸுங்கதான். பல பேர் இதே மலைக் கிராமங்கள்ல இருந்து வந்து, இங்கேயே பயிற்சி எடுத்த பெண்கள்.

வராண்டாவுல பக்கத்துல உட்கார்ந்திருந்த பாட்டிகிட்ட, "வீட்டுக்குப் பக்கத்துல வேற ஆஸ்பத்திரி இல்லையா பாட்டி?"னு கேட்டேன்.

"இருக்கு மோனே. அங்கே 'ஏன் வந்தே?'னு கேப்பாங்க. இங்கே 'ஏன் இவ்ளோ நாளா வரலை?'னு கேப்பாங்க!"

அங்கேதான் என் வயசு பையன் ஒருத்தனையும் பார்த்தேன். அவனுக்கு சிக்கிள் செல் அனீமியா. ரத்தச் சிவப்பணு வட்டத் தட்டு மாதிரி இல்லாம அரிவாள் மாதிரி வளைஞ்சுபோற பரம்பரை நோய். வளைஞ்ச செல்கள் சின்ன ரத்தக் குழாய்களை அடைச்சுக்கும். அப்போ வர்ற வலி இருக்கே... எலும்புக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரினு சொன்னான். வெளியே காயம் இல்லை, வீக்கம் இல்லை. அதனால ஸ்கூல்ல, 'லீவுக்கு நடிக்கிறான்'னே முடிவு பண்ணிட்டாங்களாம். மூணு வருஷம் கழிச்சுத்தான் ரத்தப் பரிசோதனை. இந்தியாவுல இந்த நோய் இருக்குனு முதன்முதலா 1952-ல் கண்டுபிடிச்சதே இந்த நீலகிரி மலைகள்லதான். ஆனா, இந்த மலைப் பையனோட வலியை நம்ப மூணு வருஷம்!

என் பையில ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஐடியா ஒண்ணு ரெடியா இருந்துச்சு. மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துற ஆப். நர்ஸ் அக்காகிட்ட பெருமையா விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"உங்க ஆப் எந்த பாஷையில பேசும் தம்பி?"

"தமிழ், இங்கிலீஷ்..."

சிரிச்சாங்க. "பணியர் பாஷைக்கு எழுத்தே கிடையாதே தம்பி!"

நான் கப்சிப்.

நமக்கு 'கேரியர்'னா ப்ளேஸ்மென்ட், பேக்கேஜ். இங்கே 'கேரியர்'னா நோய் இல்லாம, அந்த மரபணுவை மட்டும் சுமக்குறவங்க. கேரியரா இருக்குற ரெண்டு பேர் கல்யாணம் பண்ணிக்கிட்டா, ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. இதை ஒரு பொண்ணுகிட்ட எப்படிச் சொல்லுவீங்க? அவ பயந்துடக் கூடாது, ஊரும் ஒதுக்கிடக் கூடாது. அக்கா முற்றத்துல உட்கார்ந்து, பேர் கேட்டு, அம்மா பேர் கேட்டு, அப்புறம்தான் ரத்தம் பத்திப் பேச ஆரம்பிக்கிறாங்க.

சிக்கிள் செல்லை 2047-க்குள்ள ஒழிக்கணும்னு 2023-ல் மத்திய அரசு தேசியத் திட்டம் தொடங்குச்சு. ஏழு கோடி பேருக்குப் பரிசோதனைனு இலக்கு. நல்ல விஷயம். ரிசல்ட் கார்டை மெஷின் அச்சடிச்சுக் கொடுத்துடும். அதைக் கையில வாங்குற பொண்ணுக்கு அவ பாஷையில எடுத்துச் சொல்ல ஒரு அக்கா வேணுமே?

வலி குறைஞ்சதும் அந்தப் பையன், "பாலிடெக்னிக்ல சேரணும்ணே. எலெக்ட்ரானிக்ஸ் நல்லாருக்குமா?"னு கேட்டான். ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தோம். கிளம்பும்போது நம்பர் வாங்கிக்கிட்டான்.

ப்ராஜெக்ட்டை மாத்திட்டேன் ஃப்ரெண்ட்ஸ். இப்போ எழுத்தே இல்லாம, குரல்ல மட்டும் பேசுற கருவி. குரல் கொடுக்கப்போறது நர்ஸ் அக்கா. வேலை செய்யுமானு டெஸ்ட் பண்ணிச் சொல்லப்போறது அந்தப் பையன்.

ஹாஸ்டலுக்குள்ள நுழைஞ்சதுமே எட்டு பேரும் சுத்தி நின்னு கேட்டாங்க...

"வர்க்கி எங்கேடா?"

மறந்தே போச்சு!