இரண்டு மில்லிமீட்டர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது பெரியோர் வாக்கு. இதை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குவது எளிது. ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு தீர விசாரிப்பது அவ்வளவு எளிதன்று. அதற்கு அளவும் வேண்டும், கணக்கும் வேண்டும். பழைய லென்ஸ்கள் வேறொரு கேமராவில் பொருந்துமா என்ற சிறு கேள்வி எனக்கு இதைக் கற்பித்தது. அதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

என் தந்தையார் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். திருமண வீடுகளில் லைட் பிடிக்கும் வேலையில் தொடங்கி, ஒரு ஸ்டூடியோவில் பத்தொன்பது ஆண்டுகள் உழைத்தவர். அந்த ஸ்டூடியோ மூடப்பட்டபோது, சம்பள பாக்கிக்கு ஈடாக அவருக்குக் கிடைத்தவை மூன்று பழைய லென்ஸ்கள். ஒன்று, துளை வளையம் உள்ள நிக்கான் 50 மி.மீ. மற்றொன்று, சோவியத் நாட்டில் செய்யப்பட்ட ஹீலியோஸ் 44-2 என்னும் 58 மி.மீ. மூன்றாவது, கேனான் எஃப்.டி. 50 மி.மீ. பிறகு அவர் கடன் வாங்கி, கேனான் டிஜிட்டல் கேமரா ஒன்றை லென்ஸ் இல்லாமல் பழைய விலைக்கு வாங்கினார். பாஸ்போர்ட் படமும் காதணி விழாவும் எடுத்துக் குடும்பத்தை நடத்தலாம் என்பது அவர் எண்ணம்.

நகரத்துக் கடை ஒன்றில் மூன்று லென்ஸ்களையும் காட்டினோம். "கேனானுக்குக் கேனான் சேரும். ஒரு வளையம் வாங்கிப் போடுங்கள். மற்ற ரெண்டும் வேற சாதி, இதுல சேராது. எடைக்குப் போட்டுடுங்க" என்றார்கள்.

வீடு திரும்பும் வழியில் அப்பா, "ரெண்டையும் கொடுத்துட்டு அந்த வளையத்தை வாங்கிடலாமா தம்பி? நீ படிச்ச பிள்ளை, சொல்லு" என்றார்.

எங்கள் வீட்டில் 'படித்த பிள்ளை' என்ற பட்டம் முதன்முதலாக வந்தது எனக்குத்தான். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொல்ல மனம் வரவில்லை. "ஒரு வாரம் பொறுங்கள் அப்பா" என்றேன்.

லென்ஸைக் கேமராவோடு பூட்டும் வளையத்தை மவுண்ட் என்கிறார்கள். ஹீலியோஸில் இருப்பது 42 மி.மீ. விட்டமுள்ள திருகு மரை. மற்ற இரண்டும் முறுக்கிப் பூட்டுபவை. பூட்டு வேறு என்பது பெரிய தடையன்று. இடையில் ஒரு வளையம் வைத்தால் தீர்ந்தது. உண்மையான சிக்கல், மவுண்டின் முகத்திலிருந்து பிலிம் அல்லது சென்சார் இருக்கும் தளம் வரையுள்ள தூரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மவுண்டுக்கும் இது நிலையான அளவு. தொலைதூரப் பொருளின் பிம்பம் சரியாக அந்தத் தளத்தில் விழும்படிதான் லென்ஸைச் செய்கிறார்கள்.

அளவுகளைத் தேடி எடுத்தேன். நிக்கான் 46.5 மி.மீ.; 42 மி.மீ. மரை 45.46 மி.மீ.; அப்பா வாங்கிய கேமராவில் உள்ள கேனான் ஈ.எஃப். மவுண்ட் 44 மி.மீ.; பழைய கேனான் எஃப்.டி.யோ 42 மி.மீ.!

இனி வெறும் கழித்தல் கணக்குதான். நிக்கானுக்கு 2.5 மி.மீ. தடிமனுள்ள வளையம் போதும். ஹீலியோஸுக்கு 1.46 மி.மீ. போதும். ஆனால் எஃப்.டி. லென்ஸ் இருக்க வேண்டிய இடம், கேமராவின் முகத்துக்கு 2 மி.மீ. உள்ளே! வளையமே இல்லாமல் ஒட்டி வைத்தாலும் அது 2 மி.மீ. விலகியே நிற்கும்.

இரண்டு மில்லிமீட்டரில் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். குவியத் தூரம் 50 மி.மீ.; பிம்பத் தூரம் 52 மி.மீ. நாம் மனப்பாடம் செய்யும் லென்ஸ் சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள். பொருள் தூரம் 1,300 மி.மீ. என்று வரும். அதாவது, 1.3 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாக விழாது! மணமகளின் முகத்தை எடுக்கலாம். மணமேடையை எடுக்க முடியாது. இடையே ஒரு சிறு லென்ஸ் பொருத்திய வளையங்களும் விற்கின்றன. அவை தொலைவைத் தெளிவாக்கினாலும் படத்தின் தரத்தைக் குறைக்கின்றன.

ஆக, ஒரே பெயர் தாங்கிய லென்ஸ் சேரவில்லை. 'வேற சாதி' என்று ஒதுக்கப்பட்ட இரண்டும் சேர்ந்தன. பெயரைப் பார்த்தவர்கள் தூரத்தை அளக்கவில்லை, அவ்வளவுதான்.

சில நூறு ரூபாயில் இரண்டு வளையங்கள் வாங்கி, ஆசிரியரின் அனுமதியோடு ஆய்வகத்துத் திருகு அளவியால் அளந்தேன். இரண்டும் சற்றே மெலிதாக இருந்தன. மெலிந்தால் குற்றமில்லை, தடித்தால்தான் தொலைவு மங்கும். லென்ஸ்களைப் பூட்டிப் பார்த்தோம். தெருக்கோடியிலுள்ள வேப்பமரம் இலை இலையாகத் தெரிந்தது. குவியத்தைக் கையால் திருப்ப வேண்டும்; துளையையும் கையால் சுருக்க வேண்டும். தானியங்கி வசதி எதுவும் கிடையாது. அப்பாவோ சிரித்தார். "கையால திருப்பித்தானே நான் தொழிலே கத்துக்கிட்டேன்" என்றார்.

தூரத்தை ஏன் மாற்றினார்கள் என்றும் தேடிப் படித்தேன். லைக்கா நிறுவனம் 1954-இல் புதிய மவுண்டைக் கொண்டுவந்தபோது, அதன் தூரத்தைப் பழையதைவிடச் சரியாக 1 மி.மீ. குறைத்து 27.8 ஆக வைத்தது. ஆகவே 1 மி.மீ. வளையம் போட்டால் பழைய லென்ஸ் அதில் பொருந்தும். பென்டாக்ஸ் 1975-இல் திருகு மரையைக் கைவிட்டபோதும் 45.46 என்ற தூரத்தைக் கைவிடவில்லை. நிக்கான் 1959-இல் வகுத்த 46.5-ஐப் பல பத்தாண்டுகள் காத்தது. கேனான் மட்டும் 1987-இல் பழைய உறவை அறுத்தது. எஃப்.டி. லென்ஸ்களில் பணம் போட்டிருந்த பலர் மனம் வருந்தினர். ஆயினும் கேனானைக் குறை கூறவும் இயலாது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார், கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே மின் இணைப்பு மட்டும், 54 மி.மீ. அகன்ற வாய் எனப் புதிய காலத்துக்கு அது தயாரானது. அந்த அமைப்பின் அகன்ற வாயும் குறைந்த தூரமும்தாம் இன்று பிற நிறுவனங்களின் லென்ஸ்களுக்கும் இடம் தருகின்றன.

இந்தக் கேமராக்களில் தூரம் 40 மி.மீட்டருக்கு மேல் இருப்பதற்குக் காரணம், லென்ஸுக்குப் பின்னால் 45 பாகை சாய்வில் நிற்கும் ஆடி. அது மேலே எழும்ப இடம் வேண்டும். ஆடியே இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்தபின் அந்த இடம் தேவையற்றுப் போயிற்று. சோனியின் 2010-ஆம் ஆண்டு மவுண்டில் தூரம் 18 மி.மீ. 2018-இல் வந்த கேனான் ஆர்.எஃப்.-இல் 20 மி.மீ.; நிக்கான் இசட்டில் 16 மி.மீ. இவற்றில் எங்கள் எஃப்.டி. லென்ஸும் பொருந்தும். ஆர்.எஃப். கேமராவுக்கு 22 மி.மீ. வளையம் இருந்தால் போதும். எனவே அதையும் விற்கவில்லை. துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

நண்பர்களே! நம்மில் பலர், வீட்டில் முதலாவதாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நமக்கு முன்னோர் விட்டுச் சென்றவற்றைப் பிறர் சொல் கேட்டு எடைக்குப் போடுவதும் தவறு. பழையது என்பதற்காகவே பூசை செய்வதும் தவறு. எது எங்கே பொருந்தும், எது பொருந்தாது என்று அளந்து பார்ப்பதற்கே நம்மைப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள். தேர்வில் சில மதிப்பெண்ணுக்காகப் படித்த ஒரு சமன்பாடு, என் தந்தையாரின் பத்தொன்பது ஆண்டு உழைப்பின் மிச்சத்தைப் பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் காத்தது. படிப்பின் பயன் என்ன என்று யாரேனும் கேட்டால், இன்று என்னிடம் ஒரு விடை இருக்கிறது.