முகம் பாராத நியாயம்



சபைக் கமிட்டித் தேர்தல் நெருங்கும் இந்நாட்களில், வாக்கையும் நியாயத்தீர்ப்பையும் குறித்து உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், நியூயார்க் நகரத்துக்கு வெளியே, குடும்ப நீதிமன்ற நீதிபதியை மக்களே வாக்களித்துத் தெரிந்துகொள்ளுகிறார்கள். பதவிக்காலம் 10 ஆண்டுகள். நம் தேசத்தில் அவ்வழக்கம் இல்லை. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின்படி, உயர் நீதிமன்றத்தின் இசைவோடு மாநில அரசு அவரை நியமிக்கிறது. திருமண உறவைக் காக்கவும் பிள்ளைகளின் நலனைப் பேணவும் மனமுள்ளவர்களையே தேட வேண்டும் என்றும், பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அச்சட்டமே கூறுகிறது. கடலூர் குடும்ப நீதிமன்றத்தில் அமருகிறவர் நம் வாசலில் வாக்குக் கேட்டு நின்றவர் அல்லர். சில ஆண்டுகளில் வேறோர் ஊருக்கு மாற்றலாகிச் செல்லுகிறவர்.

இது நன்மையா என்று கேட்பீர்களானால், ஒரு சகோதரியின் கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். கடலூரில் வாழ்க்கைப்பட்டு, கைக்குழந்தையோடு சிதம்பரத்தில் தாய்வீட்டுக்குத் திரும்பியவர் அவர். சமரசம் பேச வந்த மூப்பர்கள் இருவரும் அவ்வாண்டுத் தேர்தலில் நின்றவர்கள். மாமனார் வீட்டுச் சுற்றத்தாருக்குச் சபையில் வாக்குகள் அநேகம், இவருக்கோ ஒன்று. "பொறுத்துப் போ" என்பதே மூப்பர்களின் தீர்ப்பாயிற்று. பின்பு வழக்குக்காக அவரோடு பேருந்தில் சென்றேன். புதுச்சத்திரம் தாண்டியபோது அவர் கேட்டார்: "ஐயா, அந்த நீதிபதிக்கு எங்கள் மாமனாரைத் தெரியுமா?" "தெரியாதம்மா" என்றேன். "அப்படியானால் சரி" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பிரியமானவர்களே, தேர்தலை நான் இகழவில்லை. முற்காலத்தில், 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவன் மனைவியின் விபசாரத்தை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ அதனோடு கொடுமை, கைவிடுதல் போன்ற வேறொரு குற்றத்தையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்தப் பாரபட்சத்தை 2001இல் நீக்கியது, மக்கள் வாக்கினால் அமைந்த பாராளுமன்றமே. சட்டம் இயற்ற வாக்கு வேண்டும். தீர்ப்புச் சொல்லும் இடத்திலோ வாக்குக் கணக்கு நுழையலாகாது.

இவ்விரண்டு இடங்களையும் கண்டவர் திருவிதாங்கூரின் அன்னா சாண்டி அம்மையார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, 1926இல் சட்டப்பட்டம் பெற்றார். 1931இல் ஸ்ரீமூலம் மக்கள் சபைத் தேர்தலில் நின்றபோது அவதூறுகளைச் சுமந்து தோற்றார். அடுத்த ஆண்டே மீண்டும் நின்று வென்றார். 1937இல் முன்சீப் ஆனார். 1948இல் மாவட்ட நீதிபதி. 1959இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. ஊராரின் வாய் ஒருவரை எப்படித் தீர்க்கும் என்பதைத் தம் உடலிலேயே அறிந்த பின்பு நியாயாசனம் ஏறியவர் அவர்.

"சகோதரர் வழக்கை வெளியே கொண்டுபோகலாமா? பவுல் கண்டிக்கவில்லையா?" என்று சிலர் கேட்பதுண்டு. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். வழக்காடுகிறவர்களை மட்டுமல்ல, நியாயம் தீர்க்கத்தக்க ஒரு விவேகிகூட இல்லாத சபையையும் அவர் வெட்கப்படுத்துகிறார். அடிபட்டவளைத் தடுக்கும் கதவாக அவ்வதிகாரத்தைப் பயன்படுத்துவது தகுமா?

குடும்ப நீதிமன்றமும் உறவை முறிப்பதையே நோக்கமாகக் கொண்டதன்று. வாய்ப்பிருக்குமானால் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டியது நீதிபதியின் கடமை. இருவரில் ஒருவர் வேண்டினாலும், விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும். அந்த அடக்கம் நம் ஆலய வாசலில் உண்டா?

உபாகமம் முதலாம் அதிகாரத்தில், ஞானமுள்ள மனிதரைத் தெரிந்துகொள்ளும்படி மோசே ஜனங்களிடமே சொல்லுகிறான். ஆயினும் நியாயாதிபதிகளுக்கு அவன் இட்ட கட்டளை வேறு: முகதாட்சிணியம் பாராமல், பெரியவனுக்குச் செவிகொடுப்பதுபோலவே சிறியவனுக்கும் செவிகொடுக்க வேண்டும், மனிதன் முகத்துக்குப் பயப்படலாகாது. தெரிந்துகொண்டவர்களுக்கும் அவன் கடன்பட்டவன் அல்லன்.

ஆகையால் இரண்டு காரியங்களை வேண்டுகிறேன். வாக்கு நாடி நிற்கிற ஒருவரும் குடும்ப வழக்கைக் கேட்கும் இடத்தில் அமர வேண்டாம். நீதிமன்றம் சென்று வருகிற சகோதரியை நற்கருணைப் பந்தியருகே உங்கள் பார்வையால் தடுக்கவும் வேண்டாம்.

நீதியுள்ள பிதாவே, பெரிய வீட்டுக்கு அஞ்சாத நாவையும், ஒற்றை வாக்குள்ளவரின் குரலைக் கேட்கும் செவியையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.