குறைய வேண்டியது வலியா, மருந்தா?

வேம்பாரில் அந்தப் பெரியவரைத் தெரியாதவர்கள் குறைவு. வயசு 58. நாற்பது வருஷமாக வள்ளத்தில் கடலுக்குப் போனவர். கையில் தூண்டில் முள் ஏறினால்கூட அவரே பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார். அப்படிப்பட்டவர், மதுரையில் பைபாஸ் ஆபரேஷன் முடிந்து மறுநாள் ஒரு இருமல் வந்ததும் கண் கலங்கிவிட்டார். "நெஞ்சு பிளந்துரும் போல இருக்கு தாயி" என்றார் மகளிடம்.

பிளக்கத்தானே செய்திருந்தார்கள்! மார்பெலும்பை நடுவில் ரம்பத்தால் அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் சேர்த்துக் கட்டுவார்கள். அது கூடிவர இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆனால் அதுவரைக்கும் இருமாமல் இருக்க முடியாது. வலிக்குப் பயந்து மூச்சை அரைகுறையாக விட்டால் சளி தேங்கும், நிமோனியா வரும். அதனால் இங்கே வலியைக் குறைப்பது சொகுசு இல்லைங்க, சிகிச்சையில் ஒரு பாகம்.

முதல் ராத்திரி அவருக்குப் போட்டது அபின் வகை மருந்து. மார்ஃபின், ஃபெண்டனில் எல்லாம் இந்தக் குடும்பம்தான். வலி அடங்கியது. கூடவே கிறக்கம், குமட்டல், மூன்று நாள் மலச்சிக்கல். மூச்சும் மந்தமானது. "அந்த ஊசி வேண்டாம்" என்று அவரே சொல்லிவிட்டார். மகளுக்கு ஒரே குழப்பம். ஊசி வேண்டாம் என்றால் வலியைப் பொறுக்க வேண்டியதுதானா?

இந்தக் குழப்பத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1969ல் அமெரிக்காவின் பாஸ்டன் டாக்டர்கள், அதிக அளவு மார்ஃபின் கொடுத்தாலும் இதயம் தாங்கும் என்று காட்டினார்கள். அதற்கப்புறம் இதய ஆபரேஷனில் அபின் வகை மருந்துகளை ஏராளமாகக் கொடுப்பது வழக்கமானது. நோயாளி மணிக்கணக்கில் வென்டிலேட்டரில் கிடப்பார். 1990களில், சீக்கிரம் எழுப்பி சீக்கிரம் நடக்கவைப்போம் என்ற யோசனை வந்ததும் அளவு குறைய ஆரம்பித்தது. பழக்கமாகிவிடும் ஆபத்து வேறு. அதுவரை இந்த மருந்தைத் தொடாதவர்களிலும், பைபாஸுக்குப் பிறகு சுமார் பத்தில் ஒருவர் மூன்று மாதம் கழித்தும் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார் என்று 2020ல் ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது.

அப்படியானால் பதிலுக்கு என்ன? நேரம் தவறாமல் பாராசிட்டமால். (டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபென் மாதிரி மருந்துகள் பைபாஸ் செய்தவர்களுக்குக் கூடாது என்று 2005லேயே அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்திருக்கிறது. அதனால் மெடிக்கலில் கேட்டு நாமே வாங்கிப் போடுவது வேண்டாம்.) இன்னொன்று, முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் தசைக்கு அடியில் ஊசி போட்டு நரம்பை மரத்துப்போக வைப்பது. இந்த முறை 2016ல்தான் மருத்துவ இதழில் வெளிவந்தது. மூன்றே வருஷத்தில் டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் இதய ஆபரேஷன் ஆன 106 பேரிடம் சோதித்து வெளியிட்டார்கள். பாராசிட்டமாலும் டிரமடாலும் வாங்கியவர்களைவிட, இந்த ஊசி போட்டவர்களுக்கு வலி கூடுதல் நேரம் கட்டுக்குள் இருந்தது.

ஆனால் நம்ம ஊர்க் கணக்கு வேறு. அமெரிக்காவில் பிரச்சினை, மருந்து அதிகம். இந்தியாவில் பல காலமாக அது கிடைக்கவே இல்லை. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு லைசென்ஸோடு அபின் விளையும் நாடு இது. ஆனாலும் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில், பல நூறு கிலோவாக இருந்த மார்ஃபின் பயன்பாடு 1997ல் 18 கிலோவுக்கு விழுந்தது! புற்றுநோயாளிகள் துடித்தார்கள். 2014ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அதனால் "அபின் மருந்தைக் குறை" என்பதை நாம் "வலியைப் பொறுத்துக்கோ" என்று படித்துவிடக் கூடாது. ஒன்றைக் குறைத்தால் அந்த இடத்தில் இன்னொன்றை வைக்கணும். தாங்க முடியாத நேரத்தில் அந்த ஊசியும் கையில் இருக்கணும்.

மகள் டாக்டரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "இதை நிறுத்தினா அதுக்குப் பதிலா என்ன தருவீங்க?" ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாராசிட்டமால், ரொம்ப முடியாவிட்டால் மட்டும் குறைந்த அளவில் ஊசி, இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒரு தலையணை என்று பதில் வந்தது.

வீடு திரும்பும்போது வேகத்தடை வரும் இடமெல்லாம் அந்தத் தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். இப்போதும் சாயங்காலம் கரையில் வள்ளம் வந்து சேர்வதைப் பார்க்க உட்காரும்போது தலையணை மடியில்தான். சின்னப் பையன்கள் கிண்டல் செய்கிறார்கள். அவரும் சிரிக்கிறார். சிரித்தால் வலிக்கிறது என்று திட்டவும் செய்கிறார் :-)