எண்ணக் கூடாத குஞ்சுகள்

மார்ச் 31, 2022, வியாழன்

இன்றைக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் வெட்டு. காலையிலேயே மகன் என்னை மீன்தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தி வகுப்பெடுத்தான்.

"மோட்டார் நிண்டா தண்ணிக்குள்ள காத்து இறங்காது அம்மா. நம்மட சூட்டுக்குத் தண்ணியில காத்துத் தங்குறதும் குறைவு."

இருபது பாகை நீரில் லீற்றருக்கு ஒன்பது மில்லிகிராம் ஒட்சிசன் கரையும், முப்பது பாகையில் ஏழரைதான். எத்தனை வருடமாகக் கரும்பலகையில் எழுதிய கணக்கு! இன்றுதான் அது வயிற்றைப் பிசைந்தது. மூச்சு முட்டுவது மட்டுமல்ல ஆபத்து. வடிகட்டி ஸ்பொஞ்சுக்குள் குடியிருக்கும் பக்றீரியாக்கள்தான் மீன் கழிவின் அமோனியாவை மாற்றுகின்றன. காற்றில்லாமல் அவை செத்தால், கரண்ட் வந்த பிறகும் தண்ணீர் நஞ்சுதான்.

அரை மணிக்கு ஒருமுறை ஜக்கில் அள்ளி ஒரு சாண் உயரத்தில் இருந்து ஐம்பது தரம் ஊற்ற வேண்டும். அவன் பகல், நான் இரவு.

இரண்டு மீன்தான். தையில் ஏறாவூர்ப் பக்கம் ஒரு கடையில் வாங்கி வந்தான். ராம் என்று பெயர். வெனிசுவேலா, கொலம்பியா சமவெளிகளில் ஒறினோக்கோ ஆற்றோடு சேரும் வெதுவெதுப்பான நீரில் பிறந்த இனம். பிடித்து அனுப்பிய ராமிரெஸ் என்பவரின் பெயரை 1948இல் சூட்டினார்களாம். பெருவிரல் நீளம்கூட இல்லை. நெற்றியில் மஞ்சள், சிவந்த கண்ணை ஊடறுத்து ஒரு கறுப்புக் கோடு, உடம்பெல்லாம் நீலப் பொட்டு. பெண்ணுக்கு வயிறு மட்டும் கொய்யாப்பழத்தின் உட்பக்கம் மாதிரி.

இந்தக் கொப்பி அவனுடையது. திகதி, வெப்பநிலை, தீன் என்று கோடு போட்டு வைத்திருக்கிறான். இன்றைக்கு "13 மணி" என்று மட்டும் எழுதிவிட்டுப் படுத்துவிட்டான். மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 3

ஊரடங்கு. பேஸ்புக், வட்ஸ்அப் ஒன்றும் வேலை செய்யவில்லை. மகனுடைய பாஸ்போர்ட் மேசையில் கிடக்கிறது. என் அம்மா அதன்மேல் பத்திரிகையைப் போட்டு மூடி வைத்தார். நான் எடுக்கவில்லை.

ஏப்ரல் 14

வருசம் பிறந்தது. மருத்துநீர் வைத்துக் குளித்தோம். பால்மா இல்லாததால் பாற்சோற்றுக்குத் தேங்காய்ப்பால். கைவிசேஷக் காசை மகன் செலவழிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று முந்தாநாள் அறிவித்துவிட்டார்கள். அவனும் முடிவெடுத்துவிட்டான்.

மே 20

இரவு ரயிலில் போனான். கட்டாரில் ஏசி பூட்டும் வேலை என்று முகவர் சொல்லியிருக்கிறார்.

மே 21

விடியக் கோல் எடுத்தான். கொழும்பில் நிற்கிறானாம். "தண்ணி மாத்தினீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. மாற்றினேன் என்றேன். மாற்றியிருக்கவில்லை. போனை வைத்த பிறகு மாற்றினேன்.

ஜூன் 2

முட்டை!

பள்ளிக்கூடத்தால் வந்து பார்க்கிறேன், தட்டைக் கல்லின்மேல் சவ்வரிசியை நுணுக்கிப் பரப்பினாற்போல. இருநூறுக்குக் குறையாது. பெண் கல்லுக்கு மேலே நின்று செட்டையால் விசிறுகிறது. ஆண் சுற்றிச் சுற்றிக் காவல். கண்ணாடியில் விரலை வைத்தால் அந்தப் பெருவிரல் நீள மீன் என்னோடு சண்டைக்கு வருகிறது.

நீலப் பரலில் இருக்கும் மழைத்தண்ணீரைத்தான் ஊற்றி வருகிறேன். தையில் கூரைப் பீலியில் இருந்து மகன் பிடித்து வைத்தது. ராமுக்கு மென்னீர் வேண்டும். நம் கிணற்றுத் தண்ணீரோ கேத்தலில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். மகன் நாட்டு வாதுமைச் சருகும் இரண்டு போட்டுவிட்டுப் போனான். இப்போது தொட்டி வெறுந்தேநீர் நிறம்.

ஜூன் 4

முட்டை ஒன்றுமில்லை.

என்னால் வந்த வினை. நேற்று மாலை வெட்டு வந்தபோது தொட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சை நிறுத்த அயத்துப் போனேன். இருட்டில் இரண்டும் முட்டைக்கருகே அடங்கியிருக்கும். பத்து மணிக்குக் கரண்ட் வந்து, கும்மிருட்டில் திடீரென்று வெளிச்சம் அடித்தது. நான் ஓடிவந்து பார்க்கையில் ஆண் நிறமிழந்து மூலையில் ஒடுங்கி நின்றது, பெண் தொட்டி முழுக்க அங்கலாய்த்தது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் கல் துடைத்து வைத்தது மாதிரி. தின்றுவிட்டன.

இளஞ்சோடிகள் முதல் ஈட்டைத் தின்பது சாதாரணம் என்று எனக்குத் தெரியும். பயந்தாலும் தின்னும். இந்த இடத்தில் பிள்ளை தங்காது என்று பட்டால், அடுத்த ஈட்டுக்கு உடம்பில் சக்தி வேண்டுமே என்று விழுங்கிவிடும். தெரிந்திருந்தும் பகல் முழுக்க அந்தப் பெண் மீனின் முகத்தில் எனக்கு முழிக்க விருப்பமில்லை.

இரவு மகன் கேட்டான். "இன்னும் முட்டை போடல்ல மனே" என்றேன். "உனக்கு வேலை எப்பிடி?" என்றேன். "நல்லம்" என்றான்.

ஜூன் 19, ஞாயிறு

காஸ் இல்லாமல் எத்தனையோ நாள். விறகு புகை அம்மாவுக்கு ஒத்துக்கொள்வதில்லை. காலை ஐந்துக்கே மண்ணெண்ணெய் வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு வயோதிபர், கையில் இரண்டு கலன். கடலுக்குப் போகும் மகனின் எஞ்சினுக்காம். இவர் வாவியில் தோணி வலித்தவர். கச்சான் காற்று மண்ணை அள்ளி முகத்தில் இறைக்க, சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதைத்துக்கொண்டு நின்றோம்.

நான் மீன் வளர்ப்பதைச் சொன்னேன். படத்தைக் காட்டினேன். போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இது மாதிரித் தட்டையா, மஞ்சளா, இடுப்பில கறுப்புப் பொட்டோட நம்மட வாவியிலயும் இரிக்கி கா. தண்ணி தெளிஞ்ச நாளில பாத்திரிக்கன். தாயும் தகப்பனும் குழி தோண்டிக் காவல் நிக்கும். குஞ்செல்லாம் தாய்ட மேலில ஒட்டி ஒட்டிக் கொத்தும். மறுகா தகப்பன்ட மேலில போய்க் கொத்தும். அதுகள் அசையாம நிண்டு குடுக்கும்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிங்களத்தில் கோரலியா என்கிற மீன்களைத்தான் சொல்கிறார். இலங்கையில் இயற்கையாகவே வாழும் சிக்லிட் குடும்ப மீன்கள் இரண்டு. ஒன்று உள்ளங்கை அகலத்துக்கு வளரும் பச்சைக் கோரலியா, மற்றது இந்த மஞ்சள் குட்டை. என் ராமுக்கு ஒன்றுவிட்ட உறவு. 1950களில் கொண்டுவந்து குளங்களில் விட்ட ஆபிரிக்கத் திலாப்பியாவும் அதே குடும்பம்தான். மஞ்சள் கோரலியாவின் தோலில் ஊறும் வழுவழுப்பைக் குஞ்சுகள் தின்று வளர்கின்றன. அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இவர் தோணியில் குந்தியிருந்து பார்த்திருக்கிறார். மீன்பாடும் தேன்நாடு என்று பாட்டும் பேச்சுமாக வளர்ந்த நான், இருபத்தைந்து வருடம் விஞ்ஞானம் படிப்பித்தும், அந்த வாவிக்குள் ஒருநாள் குனிந்து பார்த்ததில்லை.

பதினொரு மணிக்கு எண்ணெய் முடிந்தது என்றார்கள். அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

ஜூன் 28

அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் இனி எரிபொருள். பெற்றோல் 470 ரூபாய், அதுவும் கிடையாது. நடந்து போனேன், நடந்து வந்தேன்.

ஜூலை 2

மறுபடி முட்டை. தொட்டியின் மூன்று பக்கமும் பத்திரிகை ஒட்டினேன். விளக்கின் பிளக்கையே கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். தொட்டிக்குத் தள்ளி, சுவரோரமாக ஒரு குப்பி விளக்கை விடிய விடிய எரியவிடுகிறேன். மிச்சமிருக்கும் மண்ணெண்ணெய் அதற்குத்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 5

பொரித்துவிட்டன. கல்லில் வால்கள் மட்டும் துடிக்கின்றன, ஒரு நடுக்கம் போல. பத்து மணியளவில் ஆண் வந்து வாய் நிறைய அள்ளியது. போச்சு, தின்னுகிறது என்று கண்ணாடியில் அடிக்கக் கை ஓங்கினேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். அது மெல்ல நீந்திப்போய், மணலில் முன்பே தோண்டி வைத்திருந்த குழிக்குள் தலையைக் கவிழ்த்து, புகை ஊதுவது போல அத்தனையையும் ஊதிவிட்டது. திரும்பி வந்து அடுத்த வாய். பெண் குழியடியில் நின்று, வெளியே சிதறியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே துப்பியது. கடைசி ஒன்று கல்லின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஆண் மூன்று தரம் முயன்றது, நாலாம் தரம் எடுத்தது.

அம்மாவும் நானும் ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுப்பில் சோறு பிடித்துவிட்டது.

ஜூலை 7

நீந்தத் தொடங்கினால் இரண்டு நாளைக்குள் தீன் வேண்டும். ஆட்டீமியா முட்டைக்காக ஏறாவூருக்கு நடந்தேன். அமெரிக்காவின் உப்பேரியில் அள்ளி டின்னில் அடைத்து வருகிற சாமான், இப்போது இறக்குமதி இல்லை. கடைத் தம்பி தன் சொந்தக் குஞ்சுகளுக்கென்று வைத்திருந்ததில் ஒரு தேக்கரண்டியைப் பேப்பரில் மடித்துத் தந்தார். காசு வாங்கவில்லை. "அது முடிஞ்சா வைக்கல் தண்ணி வைங்க டீச்சர்" என்றார். வைக்கோலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஒரு பிடி வெட்டிப் போத்தலில் ஊறவைத்தேன். நாலாம் நாள் அதில் ஒரு துளியைத் தரம் 10 பிள்ளைகளுக்கு நுணுக்குக்காட்டியில் காட்டினால் எவ்வளவு துள்ளுவார்கள். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது.

ஜூலை 9, சனி

தொலைக்காட்சியில் கொழும்பு. ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் வெள்ளமாகப் போகிறது, நீச்சல் குளத்தில் குதிக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் மண்டபத்தில் நிற்கிறார்கள். யாரோ கத்துகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்துக் குழியில் இருந்து குஞ்சுகள் எழும்பின. கண்ணும் வாலும் மட்டும் உள்ள ஒரு மேகம். ஆண் முன்னால், பெண் பின்னால். மேகத்தில் இருந்து பிரிந்து போனதை வாயால் உறிஞ்சிக் கொண்டுவந்து மேகத்துக்குள்ளேயே துப்புகிறது. ஒரு சின்னப் பெண்பிள்ளை மட்டும் தொலைக்காட்சியை விட்டுவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் குந்தினாள். "ரீச்சர், இதுகளுக்குத் தாய் ஆர், தகப்பன் ஆர்?" காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டும் வீட்டதான் நிக்குதுகள், என?" என்றாள். அவளுடைய தாய் குவைத்தில்.

ஜூலை 15

நூற்றுக்கு மேல் இருக்கும். எண்ணிப் பார்ப்போம் என்று பென்சிலோடு குந்தினேன். எழுபதைத் தாண்டவில்லை, அம்மா பின்னால் வந்து, "எண்ணாத புள்ள" என்றார். கண்ணூறு என்று சொல்கிறாராக்கும் என நினைத்தேன். "கணக்குக்குத்தானே அம்மா" என்றேன். "எண்ணாத எண்டன்." குரல் வேறு மாதிரி இருந்தது. கொப்பியை மூடினேன்.

ஓகஸ்ட் 22

பல நாள் எழுதவில்லை. நள்ளிரவோடு மண்ணெண்ணெய் 87 ரூபாயில் இருந்து 340 ஆகிவிட்டது. வரிசையில் நின்ற அந்த ஐயாவை நினைத்துக்கொண்டேன்.

இரவு மகன் கதைத்தான். ஏசி வேலை கிடைக்கவே இல்லையாம். போன நாளில் இருந்து ஒரு கட்டடத்தில் சாமான் தூக்குகிறானாம். இப்போதுதான் சொல்கிறான். ஏன் இவ்வளவு நாள் மறைத்தாய் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. முதல் ஈட்டு முட்டை என் கவனக்குறைவால் போன கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எத்தினை மணிக்கு கரண்ட் வந்தது?" என்று கேட்டான். பத்து மணிக்கு என்றேன். பிறகு இரண்டு பேரும் நெடுநேரம் கதைத்தோம். முதுகு நோகிறதாம். தைலம் பூச ஆளில்லையாம்.

செப்டெம்பர் 5

அம்மா இன்று சாப்பிடவில்லை. எந்த வருடமும் இந்தத் திகதியில் சாப்பிடுவதில்லை. 1990இல் செங்கலடிச் சனமெல்லாம் வந்தாறுமூலை வளாகத்தில் அகதியாக இருந்தோம். அன்றைக்கு 158 பேரைப் பிரித்து வரிசையில் நிறுத்தி, எண்ணி ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணாவும் அதில். அம்மா மரத்தடியில் நின்று எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் தொட்டியடியில் வந்து குந்தினார். குஞ்சுகளுக்கு இப்போது ஒரு நகம் அளவு. கண்ணில் அந்தக் கறுப்புக் கோடு விழத் தொடங்கிவிட்டது. "தீன் போட்டயா?" என்று கேட்டார். போட்டேன் என்றேன்.

செப்டெம்பர் 11

பெண் மீனின் வயிறு மறுபடி சிவக்கிறது. இரண்டும் கல்லைத் துப்புரவாக்குகின்றன. கிட்ட வரும் பழைய குஞ்சுகளைத் துரத்துகின்றன. ஒன்றின் வால் கிழிந்திருக்கிறது. அடுத்த ஈட்டுக்கு இடம் வேண்டும் என்றால் இதுதான் வழமை. தெரிந்தும் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. கடைத் தம்பி வந்து கொண்டுபோவதாகச் சொன்னார். அதுவரைக்கும் வாளியில் விட வேண்டும், வாளிக்கு இன்னொரு மோட்டார் வேண்டும். பரலில் மழைத்தண்ணீர் அடியில் நாலு விரல்தான். மாரிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

நாலைந்தையாவது வைத்திருங்கள் என்று மகன் சொன்னான். எப்போது வருவான் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்றைக்கும் வெட்டு இருக்கிறதாம். விளக்கை இப்போதே நிறுத்திவிட்டேன்.