கட்டு எண்ணின கதை

பி.காம். படித்த வங்கிக்காரனுக்கு டிஸ்க் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்காதீர்கள் :-)

கும்பகோணத்தில் பதிவு செய்த அப்பாவின் குரலையெல்லாம் 3 டிபி டிஸ்க்கில் ஏற்றி வைத்திருந்தேன். போன வாரம் கரமனை வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில், நெட்வொர்க் வழியாகச் சொந்த டிஸ்க் போலவே அதை இணைத்தேன். 746 ஜிபி காலி டிஸ்க் என்றது. ஃபார்மட் செய்யட்டுமா என்றும் கேட்டது! சரி சொல்லப் போனவனைத் தம்பி போனில் தடுத்தான்.

"கை வைக்காதீங்கண்ணா! டிஸ்க்கைக் கட்டுகட்டாத்தான் எண்ணும். பழைய முறையில கட்டு நம்பருக்கு 32 பிட்தான் இடம். அதாவது 429 கோடிச் சொச்சம் கட்டு. கட்டுக்கு 512 பைட்டுன்னா 2.2 டிபியில முடிஞ்சுது. அப்புறம் மீட்டர் மறுபடி பூஜ்யத்துலேர்ந்து ஓடும்."

மிச்சம் 0.8 டிபி, 1024 கணக்கில் அதுதான் 746 ஜிபி.

பத்து ரூபாய்க் கட்டுக்குப் பதில் ஐநூறு ரூபாய்க் கட்டு அடுக்கினால்? அதேதான்! கட்டை 4096 பைட்டாக்கினால் 17.6 டிபி வரை எண்ணலாம். 64 பிட் என்றால் கவலையே இல்லை.

லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன். அப்பா இருமிவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

கேஷ் டாலியாகாமல் நாங்கள் கவுண்டரை மூடுவதில்லை. நீங்களும் அளவு டாலியாகாமல் ஃபார்மட் அழுத்தாதீர்கள்.